டிரில் பிட் வாயுவைத் தொட்ட பிறகு
வாசகர் கேள்வி – பதில்: ஆழ்கடல் ஆய்வுக்கிணறு

மன்னார் படுகையின் இலங்கைப் பகுதியில் 2011ஆம் ஆண்டு கெய்ர்ன் லங்கா நிறுவனம் டொராடோ, பாரகுடா என்ற இரு ஆய்வுக்கிணறுகளில் எரிவாயு கண்டது. அதுபற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

வாயு இருக்கும் பாறையை டிரில் பிட் தொட்டதுமே கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடாதா? "கிடைத்தது" என்று சொல்ல ஏன் வாரக்கணக்கில் ஆகிறது? – காரைக்கால் வாசகர்

தெரியும், ஆனால் தாமதமாகத்தான். டொராடோவையே எடுத்துக்கொள்வோம். அங்கே கடலாழம் 1,354 மீட்டர். வாயு இருந்த மணற்பாறை 3,044 மீட்டரில் தொடங்கி 3,069 மீட்டரில் முடிந்தது. கனம் சுமார் 25 மீட்டர்.

பிட் என்கிற துளைமுனை நொறுக்கும் பாறைத்துகளை, துளையிடும் ரிக்கில் சொல்வதுபோல் கட்டிங்ஸை, மேலே கொண்டுவருவது மட் என்கிற சேற்றுக் கரைசல். குழாய் வழியாக உள்ளே போய், குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக மேலே வருகிறது. கடலுக்குள் அந்த இடைவெளி ரைசர் என்ற பெருங்குழாய். அதன் உள்விட்டம் 19½ அங்குலம், நடுவில் 5½ அங்குல டிரில் பைப் என்று வைத்தால், 1,354 மீட்டர் ரைசரில் மட்டும் 2,40,000 லிட்டர் மட் நிற்கும். கீழே 12¼ அங்குலத் துளையில் 1,700 மீட்டருக்கு இன்னொரு 1,00,000 லிட்டர். பம்ப் நிமிடத்துக்கு 3,000 லிட்டர் தள்ளினால், அடியில் உடைந்த துகள் மேலே வர இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். இந்த இடைவேளைக்கு லேக் டைம் என்று பெயர்.

பிட் மணிக்கு 20 மீட்டர் இறங்கினால் அந்த நேரத்தில் 38 மீட்டர் போயிருக்கும். அதாவது, வாயுப் பாறையின் முதல் துகள் ஷேக்கர் சல்லடையில் விழும்போது, 25 மீட்டர் பாறையையும் பிட் முழுக்கக் கடந்து கீழே போயிருக்கும். பாறையை அப்படியே உருளையாக வெட்டியெடுக்கும் கோர் எடுக்க நினைத்திருந்தால் வாய்ப்பு போய்விட்டது. மீண்டும் அந்தப் பாறை வேண்டுமென்றால், மேலே ஏறிப் பக்கவாட்டில் புதுத் துளை போட வேண்டும்.

அதனால்தான் பிட் திடீரென வேகமாக இறங்கத் தொடங்கினால், மணற்பாறை வந்திருக்கலாம் என்று ஒன்றிரண்டு மீட்டரிலேயே நிறுத்தச் சொல்வார் ரிக்கிலுள்ள புவியியலாளரான வெல்சைட் ஜியாலஜிஸ்ட். இறங்காமல் பம்பை மட்டும் ஓட்டி, அடியிலுள்ள மட் மேலே வரும்வரை காத்திருப்பார்கள். ரைசருக்குத் தனியாக பூஸ்டர் பம்ப் ஓட்டினால் காத்திருப்பு ஒன்றரை மணி நேரமாகக் குறையும். பிட்டுக்குச் சில மீட்டர் பின்னால் பொருத்திய, தோண்டும்போதே அளக்கும் எல்.டபிள்யூ.டி. கருவிகள் காமா கதிர், மின்தடை அளவுகளை மட் வழியே அழுத்தத் துடிப்புகளாக உடனுக்குடன் அனுப்பும். ஆனாலும் பிட் இருக்கும் இடத்துக்கும் கருவி இருக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை மறந்தால் ஏமாற்றம்தான்.

மேலே வந்த மட்டிலிருந்து பிரியும் வாயுவை குரோமட்டோகிராஃப் மீத்தேன் முதல் பென்டேன் வரை பிரித்துக் காட்டும். மீத்தேன் மட்டும் வந்தால் உலர்வாயு, கனமான வாயுக்களும் சேர்ந்து ஏறினால் எண்ணெயோ, கண்டன்சேட் என்ற லேசான திரவமோ என்று ஊகிக்கலாம். குழாய் சேர்க்கப் பம்பை நிறுத்தும்போது கசியும் வாயுவும் இதில் கலந்துவிடும் என்பதால், மட் கரைசலைக் கவனிக்கும் மட் லாகர் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நேரம் குறித்து, எந்த ஆழத்துக்கு உரியது என்று பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். இவையெல்லாம் துப்புகள்தான். உறுதி செய்யும் வேலை இதற்குப் பிறகே தொடங்குகிறது.

மின்தடை அதிகமென்றால் எண்ணெயோ வாயுவோ, குறைவென்றால் உப்புநீர் என்று படித்தேன். இவ்வளவு எளிதான விதி இருக்கும்போது மதிப்பீட்டில் எப்படித் தவறு வரும்? – சிதம்பரம், புவியியல் மாணவி

நீங்கள் படித்தது ஷெல் நிறுவனத்தின் ஜி.ஈ. ஆர்ச்சி 1942இல் வெளியிட்ட விதி. சுத்தமான மணற்பாறைக்கு இன்றும் அதுதான் அடிப்படை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் அது எங்கே உதவும், எங்கே கவிழ்க்கும் என்பது விளங்கும்.

பாறையில் நுண்துளை 25 சதவீதம். அதிலுள்ள உப்புநீரின் மின்தடை 0.05 ஓம்-மீட்டர். துளை முழுக்க நீரே இருந்தால் பாறை காட்ட வேண்டியது 0.05 ÷ 0.25² = 0.8 ஓம்-மீட்டர். கருவி காட்டுவது 20 என்றால், 0.8 ÷ 20 = 0.04, அதன் வர்க்கமூலம் 0.2. துளையில் 20 சதவீதம் நீர், மீதி 80 சதவீதம் வாயு. நல்ல செய்தி.

இப்போது அதே மணல் ஒரே கட்டியாக இல்லாமல், ஆழ்கடலில் வண்டல் சரிந்து படிந்த இடங்களில் வருவதுபோல், சுவடி ஏடுகளாக மணலும் களியும் மாறிமாறி அடுக்கியிருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வோர் ஏடும் இரண்டு மூன்று சென்டிமீட்டர். மணல் பாதி, களி பாதி. மணலின் மின்தடை அதே 20, களியினுடையது 1. சாதாரணக் கருவி ஏடுகளைத் தனித்தனியாகப் பார்க்காது. மின்சாரமும் களி வழியாகவே எளிதாக ஓடிவிடும். கருவி காட்டும் எண் வெறும் 1.9. அதை ஆர்ச்சி விதியில் போட்டால் நீர் 65 சதவீதம் என்று வரும். "நீர்ப்பாறை, விட்டுவிடு" என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அந்த மணல் ஏடுகளில் 80 சதவீதம் வாயு இருக்கிறது!

இதற்கு மருந்து, மின்தடையைக் கிடைத்திசையிலும் செங்குத்துத் திசையிலும் தனித்தனியே அளக்கும் மூவச்சு இண்டக்‌ஷன் கருவி. நம் எடுத்துக்காட்டில் கிடைத்திசையில் 1.9 வரும், செங்குத்தில் 10.5 வரும். இரண்டுக்கும் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம் தெரிந்தாலே ஏடுகள் இருப்பது புரிந்துவிடும். கிணற்றுச் சுவரைப் படமாக்கும் இமேஜ் லாகும் உதவும். ஆனால் இவற்றை முன்கூட்டியே திட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும். கப்பல் கடலுக்குப் போனபின் நினைத்துக்கொண்டால் கருவி கரையில் இருக்கும்.

இன்னும் இரண்டு சிக்கல்களை மட்டும் சொல்கிறோம். முதலாவது, மட் ஊடுருவல். பாறையின் அழுத்தத்தைவிட மட்டின் அழுத்தம் கூடுதலாக இருப்பதால், அதன் திரவம் சுவருக்குள் புகுந்து வாயுவைப் பின்னுக்குத் தள்ளும். நுண்துளையை அளக்கும் அடர்த்தி, நியூட்ரான் கருவிகள் சுவரிலிருந்து 20, 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் பார்ப்பதில்லை. அவை பார்ப்பதே கெட்டுப்போன பாறையை. வாயுப் பாறையில் இந்த இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டி விலகும். ஊடுருவல் அதிகமானால் அந்த வெட்டே மங்கிப்போகும். இரண்டாவது, சுவர் சரிவு. களிப்பாறை இடிந்து துளை அகன்றால், சுவரோடு ஒட்ட வேண்டிய அடர்த்திக் கருவி மட் கரைசலையே அளந்துவிட்டு "25 சதவீதம் நுண்துளை" என்று பொய் சொல்லும். கருவிகள் ஆழம்வாரியாக அளந்து பதிவதற்கு லாகிங் என்றும், அந்தப் பதிவுக்கு லாக் என்றும் பெயர். எந்த லாக் தாளைக் கையில் வாங்கினாலும் முதலில் துளையின் விட்டத்தைக் காட்டும் கேலிப்பர் கோட்டைப் பாருங்கள். துளையின் விட்டம் கெட்ட இடத்தில் மற்ற எண்களை நம்ப வேண்டாம்.

நில அதிர்வுப் படத்தில் பளிச்சென்று தெரிந்த இடத்தில் தோண்டியும் கிணறு வறண்டுபோகிறதே? – தூத்துக்குடி வாசகர்

உப்புநீரில் 5, 10 சதவீதம் வாயு கலந்தாலே பாறையில் ஒலியின் வேகம் சட்டென்று இறங்கிவிடும். வாயு 80 சதவீதமானாலும் அதற்குமேல் பெரிதாக இறங்காது. ஆகவே, மூடுபாறை கசிந்து வாயு தப்பிவிட்டு எச்சம் மட்டும் நிற்கும் பொறியும் (வாயு தேங்கும் பாறை அமைப்பு), நிறைந்த பொறியும் படத்தில் ஒரே மாதிரிப் பளிச்சிடும். மின்தடைதான் இரண்டையும் பிரித்துக் காட்டும். அதற்குத் தோண்டியே ஆக வேண்டும். மன்னாரில் அதே 2011 தொடரில் மூன்றாவதாகத் தோண்டிய டொராடோ வடக்குக் கிணறு வறண்டது. வறண்ட கிணற்றிலும் லாகிங்கைக் குறைக்கக் கூடாது. மணல் இல்லையா, மூடி இல்லையா, வாயு அங்கே வந்து சேரவே இல்லையா என்று காரணம் தெரிந்தால்தான் பக்கத்து இடத்தில் தோண்டலாமா கூடாதா என்று முடிவு செய்ய முடியும்.

லாகிங் முடிந்தபின் அழுத்தம் அளந்து, மாதிரி எடுப்பார்கள் என்கிறார்கள். அதில் என்ன தெரியும்? – நாகப்பட்டினம் வாசகர்

கம்பியில் இறங்கும் கருவி ஒரு முனையைக் கிணற்றுச் சுவரில் அழுத்தி, சில மில்லிலிட்டர் திரவத்தை உறிஞ்சி, பாறையின் அழுத்தத்தைக் குறிக்கும். பல ஆழங்களில் அளந்து கோடு போட்டால், அதன் சாய்வே திரவத்தின் அடர்த்தி. நீர் என்றால் மீட்டருக்கு சுமார் 1.45 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) ஏறும், எண்ணெய் என்றால் 1.1 அளவில், வாயு என்றால் 0.3 அளவில். 25 மீட்டர் கனத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்: நீருக்கு 36, எண்ணெய்க்கு 27, வாயுவுக்கு 8 பி.எஸ்.ஐ.க்கும் குறைவு. மணல் 3 மீட்டர் மட்டுமே என்றால் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் வித்தியாசம் இரண்டு பி.எஸ்.ஐ. சொச்சம்தான். கேபிள் நீண்டதால் ஆழத்தில் அரை மீட்டர் பிசகினாலோ, கருவியின் வெப்பம் நிலைப்படும் முன்பே அளவைக் குறித்தாலோ, கோட்டின் சாய்வே மாறிவிடும். நெருக்கமான பாறையில் இன்னொரு தொல்லை: உள்ளே புகுந்த மட் திரவத்தின் அழுத்தம் வடியாமல் நின்று, உண்மைக்கு மேலான எண்ணைக் காட்டும். அந்தப் புள்ளிகளைக் கோட்டில் சேர்க்கக் கூடாது.

கீழே நீர்ப்பாறையிலும் சில புள்ளிகள் எடுத்தே ஆக வேண்டும். வாயுக் கோடும் நீர்க் கோடும் வெட்டும் ஆழமே வாயு முடிந்து நீர் தொடங்கும் மட்டம். நேரமில்லை என்று நீர்ப்புள்ளிகளை விட்டுவந்தால், "இந்த ஆழம்வரை வாயு தெரிந்தது" என்பதற்குமேல் எதையும் எழுத முடியாது.

மாதிரி எடுப்பதில் பெரிய எதிரி மட். எண்ணெய் கலந்த மட் பயன்படுத்தியிருந்தால் அதன் திரவம் பாறையின் எண்ணெயோடு கரைந்துவிடும். பிறகு பிரிக்க வழியில்லை. கருவியிலுள்ள ஒளியியல் சென்சார் தூய்மை காட்டும்வரை மணிக்கணக்கில் உறிஞ்சி வெளியே விட வேண்டும். அதேசமயம் வேகமாக உறிஞ்சினால் அழுத்தம் குறைந்து, வாயுவிலுள்ள கண்டன்சேட் பாறைக்குள்ளேயே துளியாகத் தங்கிவிடும். புட்டிக்கு வருவது மெலிந்த வாயு. ஹைட்ரஜன் சல்பைடு புட்டியின் உலோகத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பூச்சு பூசிய புட்டி எடுத்துப் போகவில்லையென்றால், விஷவாயு "இல்லை" என்று ஆய்வக அறிக்கை வரும். இப்படி ஒரு பிழை, பின்னால் கட்டும் குழாயையும் ஆலையையும் தவறான உலோகத்தில் கட்ட வைத்துவிடும்.

இவ்வளவுக்கும் கருவி ஒரே இடத்தில் ஒட்டி நிற்க வேண்டும். நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் மட்டின் அழுத்தம் அதைச் சுவரோடு சேர்த்து அமுக்குகிறது. சிக்கிக்கொண்டால் மீன்பிடிப்பதுபோல் டிரில் பைப்பை இறக்கி எடுக்க வேண்டும். ரிக்கில் இதற்குப் பெயரே ஃபிஷிங். நல்ல மாதிரிக்கும் சிக்கிக்கொள்ளாமல் வெளியே வருவதற்கும் நடுவே, பாதி இரவில் முடிவெடுக்கும் பொறியாளருக்கு எங்கள் மனமார்ந்த மரியாதை.

கே.ஜி.-டி6இல் "டி.எஸ்.டி. செய்யவில்லை" என்று அரசு கண்டுபிடிப்புகளை ஏற்க மறுத்ததாகப் படித்தேன். லாக், அழுத்தம், மாதிரி எல்லாம் இருக்கும்போது அது எதற்கு? – சென்னை வாசகர்

கிருஷ்ணா–கோதாவரி ஆழ்கடலிலுள்ள கே.ஜி.-டி6 தொகுதியில் ரிலையன்ஸ் கண்டறிந்த டி-29, டி-30, டி-31 என்ற மூன்று கண்டுபிடிப்புகளைப் பற்றியது அந்தச் சர்ச்சை. ஒப்பந்தத்தில் சொன்ன டிரில் ஸ்டெம் டெஸ்ட் (டி.எஸ்.டி.) என்ற ஓட்டச் சோதனை நடக்கவில்லை என்று ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகம் அவற்றை ஏற்கவில்லை. கம்பிக் கருவி, கோர், மாதிரி ஆகியவையே போதிய சான்று என்றது நிறுவனம். 2015இல் மத்திய அமைச்சரவை, இதேபோல் தேங்கி நின்ற 12 கண்டுபிடிப்புகளுக்கு மூன்று வழிகள் தந்தது: திருப்பிக் கொடுத்துவிடலாம், டி.எஸ்.டி. செய்துவிட்டுத் தொடரலாம், ஆனால் உரிய காலத்தில் செய்யாததற்காக அந்தச் செலவில் பாதியை ஈடுசெய்துகொள்ள முடியாது. அல்லது சோதனை இல்லாமலே, செலவுக் கணக்கை மற்றவற்றோடு கலக்காமல் அந்தக் கண்டுபிடிப்போடு தனியாக வேலிகட்டி, தொடரலாம்.

எங்கள் பார்வையில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. கம்பிக் கருவி பார்ப்பது கிணற்றைச் சுற்றிச் சில மீட்டர். திரவம் எது, அழுத்தம் என்ன என்பதை அது நன்றாகச் சொல்லும். எவ்வளவு தூரம் மணல் தொடர்கிறது என்பதைச் சொல்லாது. டி.எஸ்.டி.யில் கிணற்றை உண்மையாகவே ஓடவிடுகிறார்கள். கேசிங் என்ற இரும்புக்குழாயை இறக்கி, சிமெண்ட் போட்டு, அதற்கென உள்ள துப்பாக்கியால் கேசிங்கைத் துளைத்து, பேக்கர் என்ற அடைப்பானால் அடைத்து, அடியில் குவார்ட்ஸ் அழுத்தமானிகளை வைக்கிறார்கள். முதலில் சில நிமிடம் திறந்து, ஒரு மணி நேரம் மூடி, பாறையின் தொடக்க அழுத்தத்தைப் பிடிப்பார்கள். பிறகு மட் கரைசலும் உப்புநீரும் வெளியேறும்வரை ஓட்டி, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வின் அளவை நிலையாக வைத்து முதன்மை ஓட்டம். அதற்குப்பின் ஓடிய நேரத்தைவிடக் கூடுதலாக, ஒன்றரை இரண்டு மடங்கு நேரம், மூடிவைத்து அழுத்தம் ஏறுவதைப் பதிவார்கள். 100 மில்லிடார்சி ஊடுருவுதிறன் கொண்ட வாயு மணலில் 24 மணி நேரத்தில் அந்த அழுத்த அலை 400 மீட்டருக்கு மேல் போய்வரும். வழியில் ஒரு பிளவோ மணலின் எல்லையோ இருந்தால் வளைவின் சாய்வு மாறும். மூடிவைத்த பிறகும் அழுத்தம் பழைய எண்ணுக்குத் திரும்பவில்லையென்றால், சிறிய பொட்டலம்தான் கிடைத்திருக்கிறது என்று பொருள். இதைக் கம்பிக் கருவி காட்டவே காட்டாது.

ஆனால் ஆழ்கடலில் இதன் விலை கடுமை. ஒரு சோதனைக்கே பல நாள் கப்பல் வாடகை. 1,300 மீட்டர் ஆழத்தில் கடலடி நீர் 5, 6 டிகிரி குளிர். மீத்தேனும் நீரும் சேர்ந்து அந்தக் குளிரில் 50 பார் அழுத்தத்திலேயே பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட்டாக உறையும். குழாயில் இருப்பதோ அதைப்போல் பல மடங்கு அழுத்தம். மெத்தனாலோ கிளைக்காலோ ஊசிபோல் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சிறு பம்ப் நின்று, அந்த நேரம் பார்த்துக் கிணற்றையும் மூடினால் குழாய் அடைத்துக்கொள்ளும். இளமணல் என்றால் மணலும் சேர்ந்து வந்து சோக்கை அரிக்கும். புயல் வந்தால், கிணற்றின் வாயை அடைக்கக் கடலடியில் வைத்திருக்கும் பி.ஓ.பி. என்ற வால்வு அடுக்குக்குள் இருக்கும் சப்ஸீ டெஸ்ட் ட்ரீ என்ற சோதனை வால்வை மூடிக் கப்பல் கழன்றுபோக வேண்டும். எரித்துவிடும் வாயுவும் வீண். ஆகவே மணல் விரிந்து பரந்தது என்று நில அதிர்வுப் படமும் அக்கம்பக்கக் கிணறுகளும் உறுதியாகச் சொன்னால் கம்பிக் கருவி போதும்; ஏடுபட்ட, பிளவுபட்ட பாறை என்றால் டி.எஸ்.டி.யைத் தவிர்ப்பது பிற்காலத்துக்குக் கடன் வாங்குவது.

காவிரிப் படுகைக் கடலில் கருங்கல்லிலிருந்து வாயு வருகிறதாமே, நிஜமா? – மயிலாடுதுறை வாசகி

நிஜம். பி.ஒய்.-1 வயலில் வாயு இருப்பது வெடிப்பு விட்ட பழைய அடிப்பாறையில். வியட்நாமின் பாக் ஹோ எண்ணெய் வயலும் அப்படிப்பட்டதே. இங்கே ஆர்ச்சி கணக்கு எடுபடாது. பாறையின் உடம்பில் துளையே இல்லை, எல்லாம் வெடிப்பில். மட் எந்த ஆழத்தில் எவ்வளவு உள்ளே ஓடிப்போனது என்ற பதிவேடுதான் முதல் சான்று. பிறகு இமேஜ் லாக், அதற்கும் பிறகு ஓட்டச் சோதனை. கல்லின் மின்தடை எப்படியும் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்பதால், மின்தடை அதிகம் என்று மகிழ ஒன்றுமில்லை.

ஒரே கிணற்றை வைத்து "இத்தனை லட்சம் கோடி கனஅடி" என்று அறிவிக்கிறார்களே, நம்பலாமா? – மதுரை வாசகர்

பரப்பு × கனம் × நுண்துளை × வாயு பங்கு × விரிவு. பரப்பு 10 சதுர கிலோமீட்டர், நல்ல மணல் 15 மீட்டர், துளை 22 சதவீதம், வாயு 75 சதவீதம், மேலே வந்தால் 220 மடங்கு விரிவு என்று போட்டால் சுமார் 540 கோடி கனமீட்டர். இதில் கிணறு அளந்தது கனம், துளை, வாயு பங்கு, விரிவு. பரப்பை அளக்கவில்லை, அது நில அதிர்வுப் படத்திலிருந்து வரைந்தது. பரப்பு 5 ஆனால் பாதி, 20 ஆனால் இரட்டிப்பு. ஆகவே ஒற்றை எண்ணை அறிவிப்பவரிடம் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ன என்று கேளுங்கள். கே.ஜி.-டி6இன் டி1, டி3 வயல்களில் எடுக்கக்கூடிய வாயு சுமார் 10 லட்சம் கோடி கனஅடி என்று 2006இல் மதிப்பிட்டது, 2012இல் சுமார் 3 லட்சம் கோடியாகச் சுருங்கியது. இத்தனைக்கும் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட கிணறுகள் இருந்தன. காரணம் நிலவியலா, தோண்டாமல் விட்ட கிணறுகளா என்று நிறுவனமும் அரசும் வெவ்வேறாக வாதாடின.

வாயு கிடைத்த கிணற்றையே சிமெண்ட் போட்டு மூடுவது ஏன்? – ராமேஸ்வரம் வாசகர்

ஆய்வுக்கிணற்றைத் தகவலுக்காகவே தோண்டுகிறார்கள். உற்பத்திக்கான இடம், சாய்வு, குழாய் அளவு எல்லாம் வேறு. கடலடிக் குழாயும் கரையில் வாங்குபவரும் தயாராகப் பல ஆண்டு ஆகும். அதுவரை திறந்த கிணற்றைக் காவல் காப்பது ஆபத்து. மன்னாரில் கண்ட வாயு இன்றுவரை உற்பத்திக்கு வரவில்லை.

மூடுவதும் அளந்து செய்யும் வேலை. அமெரிக்க விதியில், வாயு மண்டலத்துக்கு மேலே 100 அடி, கீழே 100 அடி நீளும்படி சிமெண்ட் அடைப்பு வைக்க வேண்டும். இறுகியபின் டிரில் பைப்பை அதன்மேல் 15,000 பவுண்டு எடையோடு இருத்திப் பார்க்கலாம். அல்லது 1,000 பி.எஸ்.ஐ. அழுத்தம் கொடுத்து, 15 நிமிடத்தில் 10 சதவீதத்துக்குமேல் இறங்கவில்லை என்று காட்ட வேண்டும். கதிரியக்கம் உள்ள லாகிங் கருவி உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் சிவப்புச் சாயம் கலந்த சிமெண்ட் ஊற்றுவார்கள். பல ஆண்டு கழித்து அங்கே இன்னொருவர் தோண்ட வந்து, ஷேக்கரில் சிவப்புத் துகள் விழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வார்.